செல்வியின் பழைய ஹார்ட் டிஸ்க்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

என் பெயர் சிவக்குமார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். வீடு விளாங்குடியில். பேய் பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதில் சொல்லும் நேரங்கள் எல்லாம் சரியானவை. லைனை நிறுத்தினாலும் நேரம் எழுத வேண்டும், திரும்பக் கொடுத்தாலும் எழுத வேண்டும். இருபது வருட வேலையில் வந்த பழக்கம். அன்றைக்கும் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.

நள்ளிரவு இல்லை. அமாவாசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ஆனி மாத வெயில்.

அதற்குப் பதினொரு மாதம் முன்னால் என் மனைவி பாண்டிச்செல்வி இறந்துபோனாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் ஒரு ரேடியோ கூட இல்லாமல் சோழவந்தானில் வளர்ந்தவள். முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது சேலை இல்லை, ஒரு சிடி பிளேயர். அதன் பிறகு வீணை, நாதஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு என்று எங்கே நல்ல பதிவு இருக்கிறதென்று கேள்விப்பட்டாலும் தேடிப்போய் வாங்குவாள். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தாள். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், வருடம்... ஒவ்வொன்றாக அவளே உட்கார்ந்து அடித்தது. மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் பாட்டு.

எனக்குச் சங்கீதம் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். நடுவில் என் போன் அடிக்கும். லைன் போய்விட்டது, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று வேலையிலிருந்து கூப்பிடுவார்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். எழுந்து போய் ஆம்ப்ளிபயரின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பாள்.

"ஏங்க, போன எடுங்க."

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. நல்ல மியூசிக் சர்வர் ஒன்று வாங்க வேண்டும். பாட்டையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு தானே பாடுகிற பெட்டி. அதற்குள்ளே சத்தமே வராத எஸ்.எஸ்.டி. போட வேண்டும். பழைய டிஸ்க் ஓடும்போது டிக்... டிக்... என்று ஒரு சத்தம் வரும். அது அவளுக்கு ஆகாது. அடியில் டர்க்கித் துண்டை மடித்து வைத்துப் பார்த்தாள். அப்படியும் கேட்டது. வாங்கலாம், வாங்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவள் போன அன்று நான் ஒரு துணைமின் நிலையத்தில் பராமரிப்பு வேலையில் இருந்தேன். போனைச் சைலன்ட்டில் போட்டு ஜீப்பில் வைத்திருந்தேன். அவள் தலைவலி என்று அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்றையும் நான் எடுக்கவில்லை. பார்த்துவிட்டு நான் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தேன். நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு இல்லை. டிஸ்க் பீரோவுக்குள் போய்விட்டது.

பதினொரு மாதம் கழித்து, அவள் ஆசைப்பட்ட அந்தச் சர்வரை வாங்கினேன்.

பொருத்திக் கொடுக்க வந்தவர் பெயர் நல்லகாமன். பெரிய வீடுகளில் ஆடியோ சிஸ்டம் பொருத்துகிறவர். செல்விக்கு ஏற்கெனவே பழக்கம். சர்வரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

"உள்ள எது போடுறதுண்ணே? ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?"

"எது நல்லது?"

"ஹார்ட் டிஸ்க்குல எடம் நெறைய கெடைக்கும். ஆனா உள்ள தட்டு சுத்தும். சத்தம் வரும், சூடாகும். எஸ்.எஸ்.டி.ல சுத்துறதுக்கே ஒண்ணுமில்ல. மூச்சுச் சத்தம்கூட இருக்காது. அக்கா அதத்தான் கேட்டாங்க."

"அதையே போடுங்க."

"எம்புட்டு போடட்டும்? ரெண்டு டி.பி., நாலு டி.பி., எட்டு வரைக்கும் இருக்கு. அக்கா சேத்து வச்சதுக்கு ரெண்டு தாராளம். இனிமே புதுசா யாரு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தபடி இருந்தார்.

"நாலு போடுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து வந்தேன். அடியில் அதே துண்டை மடித்து வைத்தேன். நல்லகாமன் ஒயரைச் செருகினார். இரண்டு பேரும் குனிந்து கேட்டோம்.

டிக்... டிக்... பிறகு மெல்லிய 'ம்ம்ம்' என்ற ஓட்டம்.

"இத்தன மாசம் சும்மா கெடந்தது. மொத வாட்டியே ஓடிருச்சுண்ணே. பெரிய விசயம். ரெண்டரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தொடாதீங்க."

காப்பி ஆரம்பித்தது 11:40. நல்லகாமன் கோரிப்பாளையத்தில் இன்னொரு வேலை இருக்கிறதென்று கிளம்பினார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில் இல்லை. பக்கத்தில், என் நாற்காலியில்.

12:15. டேப்லட்டைப் பார்த்தேன். ஏறிய பாட்டுகளின் பட்டியல் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வீணைக் கச்சேரியைத் தொட்டேன். பதினொரு மாதம் கழித்து அந்த அறையில் பாட்டு. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டேன்.

12:32. என் போன் அடித்தது. நல்லகாமன்தான்.

நான் எடுக்கும் முன்பே பாட்டின் சத்தம் குறைந்தது.

நல்ல வசதியாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். "எம்புட்டு ஏறிருக்குண்ணே?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னேன்.

"போன் வந்ததும் அதுவா சத்தத்தக் கொறைக்குதே. நல்லாருக்கு."



"அப்படி ஒரு வசதி இதுல இல்லண்ணே. ஒங்க போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. சத்தம் பூராம் ஆம்ப்ளிபயர்லதான். ரிமோட்டு எதுவும் அமுங்கிருச்சா பாருங்க."

ரிமோட் அலமாரியில் இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி இல்லை. கசிந்துவிடும் என்று நானே எப்போதோ கழற்றி வைத்தது.

ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். குமிழைப் பழையபடி திருகி வைத்தேன். தாளில் எழுதினேன்: 12:32, சத்தம் குறைந்தது.

1:20. கரண்ட் போனது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் நிறுத்தம் எதுவும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆம்ப்ளிபயரும் சர்வரும் யுபிஎஸ்ஸில் ஓடின. டிஸ்க்கின் ஒயரோ சுவரிலேயே செருகியிருந்தது. அது நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. டிக்... டிக்... கேட்டுக்கொண்டே இருந்தது.

நாற்பது விநாடியில் கரண்ட் வந்தது. டேப்லட்டில் காப்பி தடைபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து போய் டிஸ்க்கின் மேல் கை வைத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரமாக ஓடுகிற டிஸ்க் கொதிக்க வேண்டும்.

ஜில்லென்று இருந்தது.

வெளியே அப்படி வெயில். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. இது மட்டும் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த இரும்பு மாதிரி...

கையை எடுத்துவிட்டேன். வாசல் கதவைத் திறந்து வைத்தேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது போகும்வரை வாசலிலேயே நின்றேன்.

2:05.

பாட்டு குறைந்தது.

நான் போனைப் பார்த்தேன். அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஆம்ப்ளிபயரைப் பார்த்தேன். குமிழ் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. யாரோ இரண்டு விரலால் பிடித்துத் திருகுகிற மாதிரி. பாதிக்கு வந்து நின்றது.

நான் அசையவில்லை.

2:09.

குமிழ் மறுபடியும் திரும்பியது. பாட்டு இன்னும் குறைந்தது. போன் அடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு ஐந்து. இரண்டு ஒன்பது.

அந்த நேரங்கள் எனக்கு மனப்பாடம். பதினொரு மாதமாக ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் போன் திரையைத்தான் பார்க்கிறேன். செல்வி, 2:05. செல்வி, 2:09.

மூன்றாவது 2:16.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆறு எட்டு வைத்தால் வாசல்.

போகவில்லை. ஒரு முறை எடுக்காமல் விட்டாயிற்று.

2:12. அவள் நாற்காலியின் பிரம்பு கிறீச்சென்றது.

2:14. டேப்லட்டில் பார்த்தேன். இன்னும் ஒரு ஆல்பம்தான் பாக்கி. அவள் போன அன்று நான் ஓடி வந்தபோது பாடிக்கொண்டிருந்ததே, அது.

2:16.

குமிழ் திரும்பியது...

திரும்பியது...

கடைசி வரைக்கும்.

அறையில் சத்தமே இல்லை. மின்விசிறிச் சத்தம் கூட இல்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டிக்.

டிக்.

குனிந்தேன். டிஸ்க்கின் மேல் காதை வைத்தேன். அந்தக் குளிர் காதுக்குள் ஏறியது.

டிக்.

மூச்சு... கஷ்டப்பட்டு இழுக்கிற மூச்சு.

"ஏங்க..."

காதை இன்னும் அழுத்தினேன்.

"...போன எடுங்க..."

"எடுத்துட்டேன்" என்றேன். "எடுத்துட்டேன் செல்வி. சொல்லு."

டிக்.

"இந்தா இருக்கேன்மா. சொல்லு."

டிக்...

"வாரேன்னு சொல்லு. இருன்னு சொல்லு. எதையாச்சும் சொல்லு செல்வி..."

ஒரு நீண்ட பெருமூச்சு மாதிரி டிஸ்க்கின் ஓட்டம் தேய்ந்துகொண்டே போனது. நின்றுவிட்டது.

டேப்லட்டில் காப்பி முடிந்தது என்று வந்தது. ஒரு பாட்டு கூட விடுபடவில்லை.

நான் அப்படியே தரையில் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதற்கு மட்டும் தாளில் நேரம் இல்லை.

மறுநாள் டிஸ்க்கை மறுபடியும் செருகினேன். சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தினமும் 2:05க்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வேன். எட்டு நாள் லீவு போட்டேன். புதுச் சர்வர் அருமையாகப் பாடியது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கே போடச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஒன்பதாவது நாள் நல்லகாமனே என்னைக் கோரிப்பாளையத்துக்கு அழைத்துப் போனார். தர்காவுக்குப் பின்னால் ஒரு மாடியில், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுக் கொடுக்கிற காஜா பாயின் கடை. வயதானவர். நிதானமாகப் பேசுவார்.

"எல்லாப் பாட்டும் காப்பி ஆயிருச்சுங்கிறீங்க. பெறகு இத எதுக்கு சார் ஓட வைக்கணும்?"

நல்லகாமன்தான், "பண்ணிக் குடுங்க பாய், அது அவங்க வீட்டம்மாது" என்றார்.

பாய் டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். உள்ளே கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனார். அரை மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். மூடி கழற்றிய டிஸ்க் விளக்குக்கு அடியில் இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வட்டத் தட்டு. அதன் மேல் மெல்லிய ஒரு கை.

"சார், இந்தக் கைதான் படிக்கிறது. இது தட்டோட ஒட்டிக் கெடக்கு. அசையாது."

"ஒன்பது நாளாத்தான் அப்படி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒட்டுன எடத்தச் சுத்தி கறை காஞ்சு கெடக்கு பாருங்க. தட்டுல ஒரு கோடு இல்ல, ஒரு கீறல் இல்ல. ஒட்டுனதுக்குப் பெறகு இது ஒரே ஒரு சுத்து சுத்தியிருந்தாக்கூட கிழிச்சுப் போட்டிருக்கும். இது அன்னைக்கி ஓடல சார். மாசக்கணக்கா ஓடல."

நல்லகாமன் குனிந்து தட்டைப் பார்த்தார். "பாய், நான் கேட்டேன். ஏங் காதால சத்தத்தக் கேட்டேன்."

"நீங்க காப்பி பண்ணது வேற எதுலருந்தோதான்" என்றார் பாய். "இதுலருந்து வந்திருக்காது."

வேறு டிஸ்க் எங்கள் வீட்டில் கிடையாது.

நான் கேட்டேன். "எப்ப ஒட்டிருக்கும் பாய்?"

"இந்த மாதிரி பழைய டிஸ்க்குக, ஓடிட்டு இருக்கும்போது ஒயர வெடுக்குன்னு புடுங்குனா இப்படி ஆகும். பாதியில யாரோ புடுங்கிருக்காங்க. கை அங்கேயே விழுந்து ஒட்டிருச்சு."

புடுங்கியது நான்தான். அவளை நாற்காலியில் அப்படிக் கண்ட அன்று. அவள் கன்னத்தைத் தட்டிப் பார்த்தேன். மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்தில் அவள் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஓடிப்போய் எல்லா ஒயரையும் சேர்த்துப் பிடுங்கினேன்.

அதன் பிறகுதான் தெரிந்தது, இல்லை என்று.