சிவப்பு வரி வராத காலை

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்பதில் இன்றும் எனக்குத் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னார்புரத்தில் எங்கள் அலுவலகத்தின் மாடியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. மெயின்பிரேம் என்பார்கள். பார்ப்பதற்கு இரண்டு பீரோக்களைச் சேர்த்து நிறுத்தியது போல இருக்கும். எங்கள் கிளைகளின் கணக்கெல்லாம் அதற்குள்தான். அந்த அறையில் நான் உதவியாள். பிரிண்டருக்குத் தாள் மாட்டுவேன், டேப்புகளை எடுத்துக் கொடுப்பேன், ஏ.சி. ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பேன். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஸ்வெட்டரோடு இருப்பேன். அந்தக் குளிரைவிட எனக்குப் பிடித்தது, அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான்.

நான் அப்படிப்பட்ட கூச்சக்காரன். பஸ்ஸில் “இறங்கணும்” என்று குரல் கொடுக்க வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் அவர்களோடு இறங்கி மீதி தூரம் நடப்பேன். “கல்யாணமான புதுசுல ஊமையக் கட்டி வச்சுட்டாங்கன்னு அழுதேன்” என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். மெயின்பிரேம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்படி அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் அதிகாரி சீரங்கத்துக்காரர். அந்தப் பெண்ணை அறைக்கு அழைத்துவந்தபோதே, “இது வந்துட்டா இங்க உதவியாள் எதுக்கு? கீழ விசாரணை கவுண்டர் காலியா கெடக்கு. இவரை அங்க போட்டுடலாம்” என்றார்.

விசாரணை கவுண்டர் என்றால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பகல் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் போனபின் அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். “இது என்ன பண்ணும் மேடம்?”

“டாக்டர்கிட்ட ஓடற அளவுக்குப் போகாம முன்னாடியே உடம்பைப் பாத்துக்கறோம் இல்லையா, அது மாதிரிண்ணே. ஒவ்வொரு சோதனைக்கும் மூணு விஷயம் சொல்லி வைக்கணும். எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை பாக்கணும், எந்த அளவைத் தாண்டினா தப்பு, தப்புன்னா எவ்வளவு சத்தம் போடணும்.”

“தப்பு இல்லேன்னா?”

“வாயே தொறக்காது. உங்கள மாதிரி.”

பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பெரும்பாலான சோதனைகள் நல்ல பிள்ளைகளாக இருந்தன. ஒன்று மட்டும் அடங்கவில்லை. அச்சாகக் காத்திருக்கும் அறிக்கைகள் தங்கும் இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. இரவு வேலை முடிந்ததும் அந்த இடம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிவிடும். உடனே திரையில் ஒரு சிவப்பு வரி வரும். அந்தப் பெண் அவசரப்பட்டு அளவை மாற்றவில்லை. “கொஞ்ச நாள் பாத்துட்டு மாத்தலாம். அதுவரைக்கும் தினம் காலையில சார் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லணும்” என்றார்.

இரவு ஆபரேட்டர் விடிந்ததும் போய்விடுவார். பகல் ஆபரேட்டர் வரும்வரை நான் மட்டும்தான்.

“இவரா? போன்ல மூச்சு விடற சத்தம்தான் கேக்கும்” என்றார் அதிகாரி.

“வரியோட கடைசியில ஒரு எண் இருக்கும். அதைச் சொன்னா போதும். அண்ணன் சொல்லிடுவாருங்க சார்.”

“சரி. இதை ஒழுங்காச் செஞ்சா மேலயே இருக்கட்டும்.”

மறுநாள் பாலக்கரையில் பஸ் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சிவப்பு வரி வந்தது. எண்களை அழுத்தினேன். அதிகாரி எடுப்பார் என்று நினைத்தால் ஒரு பெண் குரல். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“யாரு பேசறது? பேசலேன்னா வெச்சுடுவேன்.”

“எண்பத்தி மூணு” என்றேன்.

“என்ன எண்பத்தி மூணு? லாட்டரியா?”

“ஆபீஸ்லேருந்துங்கம்மா. மிஷின்ல சிவப்பு வரி. எண்பத்தி மூணு.”

“ஓ, கம்ப்யூட்டரா! அவர் பெருமாள் சேவிக்கப் போயிருக்கார். செல்லை ஆத்துலயே வெச்சுட்டுப் போயிடுவார். வந்ததும் சொல்லிடறேன். நீங்க காப்பி குடிச்சேளா?”

அந்தக் குளிரிலும் ரிசீவர் வியர்வையில் நனைந்திருந்தது.

அதன்பின் தினம் அதே நேரம், அதே குரல். “இன்னிக்கு மார்க் எவ்வளவு?” என்று கேட்பார். சொல்வேன். “நேத்தைவிட ரெண்டு கம்மி. படிக்கறதில்லை போலிருக்கு உங்க மிஷின்” என்பார். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததையும், உத்திர வீதியில் குழாய் உடைந்ததையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நானும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லத் தொடங்கினேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருவதைச் சொன்னதும், கஞ்சியில் சீரகம் தட்டிப் போடச் சொன்னார். முகம் தெரியாதவரிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்ஜினியர் பெண் அத்தனை நாள் எண்களையும் பார்த்துவிட்டு அளவைத் தொண்ணூறாக மாற்றினார். மறுநாள் விடிந்தது. திரையில் சிவப்பு வரி இல்லை. போன் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடக் காரணம் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அந்த வேளையில் அது அடித்ததே இல்லை.

“ஏன் இன்னும் போன் வரலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“மிஷின் நல்லா இருக்குங்கம்மா. அளவை மாத்திட்டாங்க. இனிமே சொல்ல ஒண்ணும் இருக்காது.”

“மிஷினை யாரு கேட்டா?”

“நல்லா இருக்கேங்கம்மா. பாப்பாவுக்கும் காய்ச்சல் விட்டுடுச்சு” என்றேன்.

அந்த வாரம் அதிகாரி கூப்பிட்டார். “சொன்னபடி செஞ்சுட்டீங்க. மேலயே இருக்கறதுன்னா இருங்க. ஆனா எங்காத்துல சொல்றா, உங்களை கவுண்டர்ல உக்கார வெச்சா நன்னாப் பேசுவேளாம். ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பத்தித்தான் பேசறோமான்னு கேட்டேன்.”

கண்ணாடிக்கு அப்பால் மெயின்பிரேம் சின்னப் பச்சை விளக்குகளோடு நின்றிருந்தது. “கீழ போறேங்க சார்” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

கவுண்டருக்கு முதலில் வந்தவர் சமயபுரத்துப் பெரியவர். எதுவும் கேட்கத் தெரியாமல் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிற்பு தெரியும். “உக்காருங்க ஐயா. காப்பி குடிச்சீங்களா?” என்று நானே ஆரம்பித்தேன்.

இப்போது அந்த அறையில் மெயின்பிரேம் இல்லை; உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டரை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். கவுண்டருக்கு வந்த பிறகு ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை சீரங்கம் போனபோது அந்த அம்மாவின் முகத்தை முதல்முதலாகப் பார்த்தேன். அதிலிருந்து வருடா வருடம் புரட்டாசியில் போகிறேன். போன வாரமும் போனேன். இப்போது அவருக்குக் காது மந்தம். வாசலிலேயே, “இன்னிக்கு மார்க் எவ்வளவு?” என்றார்.

“சிவப்பு வரி இல்லீங்கம்மா!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

“அப்புறம் எதுக்கு வந்தேளாம்?” என்று சிரித்தவர், “இதையெல்லாம் எழுதி வெச்சா என்ன?” என்றார். எழுதிவிட்டேன். இன்று பஸ் ஏறும்போது கையோடு கொண்டுபோகிறேன்.

பாலக்கரை,
புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை.