காருக்குள் பேசியது

காலை ஆறு நாற்பது. அமெரிக்காவில், ஐசலின் என்ற ஊரில், எங்கள் வாடகை வீட்டின் முன்னால், எஞ்சின் அணைத்த காருக்குள் அம்மா உட்கார்ந்திருந்தார். காதில் செல்போன். ஜன்னல் வழியாக நான் முதலில் கண்டது, அம்மா சிரிப்பதைத்தான். அப்பா குளியலறையில் இருந்தார். கைக்குழந்தையான தங்கை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அம்மா சிரித்துப் பல நாட்கள் ஆகியிருந்தன.

எனக்கு அப்போது ஐந்து வயது. கிண்டர்கார்டனில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. டீச்சர் பெற்றோரை அழைத்து, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், குழந்தைக்குக் குழப்பம் தீரும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவது என்பது எங்கள் விஷயம் என்று பதில் சொல்லலாம் என இருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வளர்ந்த ஈரோட்டுப் பக்கம் டீச்சர் சொன்னால் அது உத்தரவு. அன்றைக்கே அமலுக்கு வந்தது.

அப்பாவிடம் ஆபீஸ் ஆங்கிலம் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்த அம்மாவிடம் இருந்தது கம், ஈட், ஸ்லீப். சோறு ஊட்டும்போது சொல்லும் கதைகள் பாதியில் நின்றன. குளிப்பாட்டும்போது அவர் இழுக்கும் வம்புகளும் நின்றன. அம்மாவுக்கு என்மேல் கோபம் என்று நான் முடிவு செய்தேன். என்ன தப்புச் செய்தேன் என்பதுதான் தெரியவில்லை.

ஓடிப்போய்க் கார்க் கதவைத் தட்டினேன். அம்மா திறந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வெறுங்காலோட வந்திருக்கறதப் பாரு. பெரியம்மா லைன்ல இருக்கறா, பேசு கண்ணு."

அப்பா திட்டுவாரே என்றேன்.

"ஊட்லதான் பேசக் கூடாதுன்னாங்க. இது காரு."

போனுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "ஏம்புள்ள, அமெரிக்கா போயிக் காருக்குள்ள குடித்தனம் பண்றயா?"

அம்மா மறுபடி சிரித்தார். வீட்டில் எப்போது இப்படிப் பேசுவாய் என்று கேட்டேன்.

"நீ ஸ்கூல்ல வாயத் தொறந்து பேசிட்டீன்னா, அப்பறம் ஊட்லயும் பேசிக்கலாம் சாமி."

ஆங்கிலம் எனக்கு முன்பே தெரியும், டிவி கற்றுக்கொடுத்திருந்தது. கூச்சம்தான் தடை. அன்று ஸ்நாக் நேரத்தில் எழுந்து நின்று, எனக்குப் பால் வேண்டும் என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டேன். டீச்சர் கைதட்டினார். அதற்குப் பிறகு நான் வாயை மூடவில்லை.

மாலையில் ஜெர்சி சிட்டியிலிருந்து திரும்பிய அப்பா ஷூவைக் கூடக் கழற்றவில்லை. "குட் நியூஸ்! டீச்சர் கால்ட். இட் இஸ் வொர்க்கிங். கன்டின்யூ, ஷீ ஸெட்."

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போது கட்டிப்பிடித்துத் தமிழில் கொஞ்சுவார் என்று காத்திருந்தேன். அம்மா "குட்" என்றார். திரும்பிக் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த வாணலியை மறுபடி கழுவினார். சொன்னதைச் செய்து முடித்தபின்னும் அம்மா ஏன் என் பக்கம் திரும்பவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

அந்த உத்தரவு நீடித்தது. அப்பா ரயிலுக்குப் புறப்படக் காரை எடுக்கும் முன், தினமும் அம்மாவும் நானும் அதில் போய் உட்கார்ந்தோம். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடியது. பாதியில் நின்ற கதைகள் அங்கேதான் முடிந்தன. இதை நான் தமிழில் எழுதுவது அந்தக் காலைகளால்தான்.

தங்கை அந்த நேரத்தில் எழுந்திருக்க மாட்டாள். அவளும் அம்மாவும் இன்றும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள்.