புதூர்நாட்டில் ஒரு ஹங்கேரி ஃபார்வர்ட்

ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்ததால் புதூர்நாட்டில் நிற்கிறோம். சாமை அடித்து முடித்த களத்தில் ஊர்க்காரர்கள் கால்பந்து ஆடுகிறார்கள். என்னுடன் வரும் ஹங்கேரிக்காரர் லாஸ்லோ இப்போது போர்வெல் எஞ்சினியர். ஒரு காலத்தில் சம்பளத்துக்குக் கோல் அடித்த ஃபார்வர்ட். முழங்கால் உடைந்த நாளிலிருந்து பந்தைத் தொட்டதில்லையாம்.

“இன்னாங்க, அவரு சும்மா குந்திகினு கீறாரு? எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது, வரச் சொல்லுங்க” என்கிறார் ஆட்டத்திலிருந்து ஓடிவந்த கோவிந்தன்.

நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன். லாஸ்லோ முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு எழுகிறார். முதல் பந்தை உதைக்கப்போய்ப் புழுதியில் விழுகிறார். களமே சிரிக்கிறது, அவரும்தான். அடுத்த பந்து, கோலுக்காக வைத்த கற்களின் நடுவே சீறிப் பாய்கிறது.

கோவிந்தன் அவரைக் கட்டிக்கொள்கிறார். “ஞாயித்துக்கெழம செங்கத்துல மேட்ச் கீது. வருவாரான்னு கேளுங்க.”

‘மேட்ச்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே, நான் வாய் திறப்பதற்குள் லாஸ்லோ தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறார்: “வர்றேங்க!”