சீரியல் செட்டில் மிஞ்சிய பல்புகள்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு திண்டுக்கல் வீட்டில் போய் இறங்கியதுமே அக்கா கேட்டுவிட்டாள். "ஒரு நாலு நாளு ஓசூருக்குப் போயி மகளையும் பேரனையும் பாத்துட்டு வாரேன். அம்மாவ நீ பாத்துக்கிறியாலே?"

"பாக்கலாம்க்கா" என்றேன். என் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள். அக்காவுக்கும் அது தெரியும். போன வருஷமும் இதையேதான் கேட்டாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, லீவு இல்லையென்று பண்டிகைக்கு மறுநாளே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறியவன் நான்.

பேச்சை மாற்றுவதற்காகப் பரணிலிருந்து சீரியல் செட்டை இறக்கினேன். அம்மா படுத்த படுக்கையாகி ஆறு வருஷம். கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி குடிலுக்கு மேலே விளக்கு எரிய வேண்டும், அம்மாவுக்கு அது போதும். பிளக்கைச் செருகினேன். ஒன்றும் எரியவில்லை.

இந்த வேலையில் நான் கைதேர்ந்தவன் என்று எனக்கு நினைப்பு. ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். போன பல்பைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்து, வயரின் இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி எரியும். வருஷா வருஷம் புது செட் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அன்றும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூன்று பல்புகளை வெட்டி, முனைகளை முறுக்கி மறுபடி செருகினேன். பளிச்சென்று எரிந்தது. "பாத்தியாக்கா!" என்று நான் நிமிர்வதற்குள் இன்னொன்று போய், எல்லாம் அணைந்தது. எரிச்சலில் கட்டிங் பிளேயரைத் தரையில் வீசினேன்.

அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு வருசமும் வெட்டி வெட்டி எடுத்துட்ட. அம்புட்டுக் கரண்டையும் மிச்சமிருக்கிற பல்புதான தாங்கணும்? எப்படிலே தாங்கும்?"

அவள் பல்பைப் பற்றித்தான் சொன்னாள். குத்திப் பேசத் தெரியாதவள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் நாலு பேர். அண்ணன் துபாய்க்கும் தங்கை சென்னைக்கும் நான் கோயம்புத்தூருக்கும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். புருஷனை இழந்து வந்தவள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று அம்மாவை அக்காவிடம் விட்டுவிட்டோம். சும்மா என்ற அந்த வார்த்தையைச் சொன்னவனும் நான்தான். வெட்கமாக இருந்தது.

"நீ போயிட்டு வாக்கா. நான் இருக்கேன்" என்று சொல்லி, அவள் எதிரிலேயே ஆபீஸுக்குப் போன் போட்டு லீவு கேட்டேன்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, பீரோ மேலிருந்து ஒரு பையை இறக்கினாள். தூசி படிந்திருந்தது. போன கிறிஸ்துமஸுக்குக் கட்டி வைத்த பை. பிரிக்கவே இல்லை. மேலாக இருந்த ஒரு சின்னச் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அப்போது பேரனுக்கு ஆறு மாசம்.

"இது இனிமே அவனுக்குப் பத்தாதுலே" என்றாள்.