தேசப்பனுக்குத் தனிச் சட்டம் கிடையாது

போன வெள்ளிக்கிழமை பழவேற்காடு போய்விட்டு வந்தேன் என்று சொன்னதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி – "நண்டு வாங்கினியா?"

வாங்கவில்லை. நான் போனது தேசப்பனைப் பார்க்க. அதுவும் மூன்றாவது தடவை. முதல் தடவையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்... அவசரமாகக் கதை சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியாததா?

செல்வி என் பழைய பக்கத்து வீட்டுக்காரி. நர்ஸ். 'இனிமேல் வைத்தியம் பார்த்துப் பயனில்லை' என்று ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களைத் தேடிப் போய், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஏரியோரக் குப்பங்களில் அவளுக்கு ஏழெட்டு வீடுகள். சில வீடுகளுக்குப் படகில்தான் போக முடியும்.

இரண்டு மாதங்களுக்கு முன்னால், "நானும் வரேன்டி" என்று தொற்றிக்கொண்டேன். பத்திரிகையில் எழுதும் பத்திக்கு விஷயம் கிடைக்குமே என்ற அற்ப ஆசைதான், ஒளிப்பானேன்? படகில் ஏறும்போது என் பையை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"ஆப்பிள். ஒரு ஹார்லிக்ஸ்."

"அவருக்கு வயித்துல கேன்சர். ஆப்பிளை யாரு கடிக்கப்போறது, நீங்களா?"

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆப்பிளைத் தவிர வேறு எதுவும் ஏன்தான் தோன்றுவதில்லையோ!

தேசப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பத்தைந்து வருஷம் வலை இழுத்த தோள். இப்போது எலும்புதான் மிச்சம். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்தும் திரும்பவில்லை.

"வலி இருக்காண்ணா?" என்றாள் செல்வி.

"இல்ல."

"வாந்தி?"

"இல்ல."

"சாப்டீங்களா?"

அவர் மனைவி பவுனு கண்ணாலேயே எங்களைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"பத்து நாளா இப்டித்தான் கீறாரு சிஸ்டரு. கஞ்சி குடுத்தா வாய மூடிக்கிறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்ல. நீ குடுத்த மருந்துல வலி நின்னுச்சு, அது நெசம். ஆனா மனுசன் எங்கியோ போய்ட்டாரு."

"நீங்க தூங்கறீங்களா?"

பவுனு சிரித்தாள். "எங்க? கண்ண மூடுனா பக்குனு கீது. எழுந்து எழுந்து மூச்சு வருதான்னு பாத்துக்கினு கீறேன்."

அவள் கண்கள் குழிவிழுந்து, புடவை தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரில் நோயாளி யார் என்று தெரியாதவர்கள் கேட்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து அவளை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பத்து நாளைக்கு முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சு?" செல்வி விடவில்லை.

"இன்னா நடந்துச்சு... ஒண்ணும் நடக்கல. மீனு கூட நிக்கல. ஊருல இருந்து தெனமும் வூட்டுக்கே வந்துக்கினு கீது. அன்னிக்கி மீனப் பாத்துட்டு, 'இது யாரு பாடுல பட்டது'ன்னு கேட்டாரு. 'ஊரு குடுத்துதுயா'ன்னேன். 'அப்ப எம்பேரு?'ன்னாரு. 'நாந்தான் எடுக்கச் சொன்னேன், உனுக்கு எதுக்கு இந்தக் கவல'ன்னேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறாலும் மடவை மீனும் வலையில் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். ஆளாளுக்குப் போய் வலை போட்டால் தினமும் அடிதடிதான். அதனால் ஊரே முறை வைத்திருக்கிறது. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு உன் வலை, நாளைக்கு அவன் வலை என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அவர் ஊரில் ஓர் ஆள். செத்துப்போனவர்கள் பெயரைத்தான் எடுப்பார்கள்.

பவுனு கெட்டது நினைத்துச் செய்தாளா? முறை வரும்போதெல்லாம் 'என்னால போக முடியலியே' என்று கிடந்து தவிப்பாரே, அந்தத் தவிப்பாவது இல்லாமல் இருக்கட்டும் என்று ஊர்த் தலைவரிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். ஊரும் 'பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று பெயரை எடுத்துவிட்டு, வீட்டுக்கு மீனை மட்டும் தவறாமல் கொடுத்தனுப்பியது. எல்லாருக்கும் நல்ல மனசு. எல்லாரும் சேர்ந்து அந்த மனுஷனை உயிரோடு இருக்கும்போதே அனுப்பிவைத்துவிட்டார்கள்.

"நானே பண்ட்டனே சிஸ்டரு" என்றாள் பவுனு. அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பும்போது படகில் அந்த ஆப்பிளை எடுத்துக் கடித்தேன். பேசாமல் இருக்க ஏதாவது வேண்டுமே. எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம். அவருக்கு இதய ஆபரேஷன் ஆன சமயம், ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்தேன். காய்கறி வாங்கப் போகக் கூடாது என்றேன். அதோடு விட்டேனா? அபார்ட்மென்ட் சங்கத்தில் அவர் செயலாளர். அவர் போனை எடுத்து, அவர் பெயரில், நானே வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பினேன். மூன்று நாள் மனுஷன் பேசவில்லை. மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன்!

நோய் பாதியை எடுத்துக்கொள்கிறது. மீதியை அன்பு என்ற பெயரில் நாம் பிடுங்கிக்கொள்கிறோம், இல்லையா?

சரி, பவுனுவிடம் வருவோம். மறுநாளே தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். தலைவர் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும், "அதுக்கு இன்னாம்மா, இப்பவே எழுதிட்றேன், நீ போ" என்றாராம். ஆனால் அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு தடவை எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்கவேண்டுமானால், சீட்டுப் போடும் அன்றைக்கு அந்த ஆள் நேரில் வந்து கேட்கவேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. தலைவரே அதை மீறத் தயாராக இருந்தார்.

பவுனு ஒப்புக்கொள்ளவில்லை. "பாவம்னு எழுதுனா அவரு கண்டுபுடிச்சுருவாரு தலைவரே. நான் இட்டுக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரிடம், "ஞாயித்துக்கெழம சீட்டு போட்றாங்கயா. போயி கேப்பமா?" என்றிருக்கிறாள்.

தேசப்பன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். பதினோரு நாளைக்கு அப்புறம்.

செல்வி போனில் இதைச் சொன்னபோது, "அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருவேன்" என்று அடம்பிடித்தேன். ஆப்பிள் வாங்கவில்லை.

கோயிலுக்கு எதிரே மணலில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் மட்டும்தான். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் போகிற வழக்கம் இல்லை. நானும் செல்வியும் ஓரமாக வேப்பமர நிழலில் நின்றோம். அரை மணி முன்பே செல்வி தேசப்பனுக்கு வலி மருந்து கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஆளைத்தான் காணோம். தலைவர் இரண்டு தடவை வீட்டுப் பக்கம் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கவில்லை. முறை எண் எழுதிய சீட்டுகளைக் குடத்தில் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒருவேளை நடுவில் ஏதாவது...

அப்புறம் வந்தார்கள். பிளாஸ்டிக் சேரில் தேசப்பன். பவுனுவின் தம்பி குமரேசனும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் பவுனு, குடையைப் பிடித்தபடி. தாமதத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? ஷேவ் செய்யாமல் வரமாட்டேன் என்றாராம். ஷேவ் ஆனதும், இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்றாராம். அந்தச் சட்டைக்குள் இரண்டு தேசப்பன் இருக்கலாம். ஆனால் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார்.

கூட்டம் விலகி வழி விட்டது. பவுனு குடையோடு நேராக உள்ளே போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

"எம்பேரு சேக்கணும்" என்றார் தேசப்பன். குரல் எங்களுக்குச் சரியாக எட்டவில்லை. தலைவர் தலையை ஆட்டி, பெயரை எழுதினார்.

"அவரு மொதல்ல சீட்ட எடுக்கட்டும், பாவம் எவ்ளோ நேரம் ஒக்காந்திருப்பாரு" என்றார் ஒருவர். நாலைந்து பேர் "ஆமா, ஆமா" என்றார்கள்.

தேசப்பன் நிமிர்ந்தார். "லேட்டா வந்தவன் சீட்டு கடைசியில. எனுக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?"

இந்தத் தடவை குரல் எங்களுக்கு நன்றாகவே எட்டியது.

தலைவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு இல்லாததா" என்று எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன். தலைவர் செய்தது வேறு.

"லேட்டா வந்தவங்க பின்னால போய் ஒக்காரணும். சேரைத் தூக்குங்கடா" என்றார்.

தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் வைத்தார்கள். தாமதமாக வந்த இன்னொருவர் மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தேசப்பன். தேசப்பனின் முகத்தில் இருந்த திருப்தியை எப்படிச் சொல்வது! வேப்பமரத்தடியில் செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் உறிஞ்சவில்லை என்று சொன்னால் பொய்.

முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, கடைசியாகத் தன் சீட்டை எடுத்து, தேதியைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு ராத்திரி அரை டம்ளர் கஞ்சி குடித்ததாகச் செல்வி சொன்னாள். ஓர் அதிசயமும் நடந்துவிடவில்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கட்டி அப்படியேதான் இருக்கிறது. அவர் பிழைக்கப்போவதில்லை. அது ஊருக்குத் தெரியும், பவுனுவுக்குத் தெரியும், எல்லாரையும்விட நன்றாக அவருக்குத் தெரியும். அது தெரிந்தும்தான் தன் முறை எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்தத் தேதி. அவர் வலையை எடுத்துக்கொண்டு குமரேசன் போயிருந்தான். காலையிலிருந்து எத்தனை போன்! படகு எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா... கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு எல்லாம் விசாரணை.

மத்தியானம் குமரேசன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். மூஞ்சியைப் பார்த்ததுமே பவுனுவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் படலக்கா" என்று மெதுவாகச் சொன்னான். "கொழம்புக்குத்தான் ஆவும். மாமா கிட்ட இன்னா சொல்றது? நல்லாப் பட்டுச்சுன்னு சொல்லிடட்டா?"

நானாயிருந்தால் 'சொல்லிடுப்பா' என்றிருப்பேன். நோயாளியிடம் ஒரு சின்னப் பொய், அதிலென்ன?

"நெசத்த சொல்லு" என்றாள் பவுனு. "அவரு பாடு. அவருகிட்ட பொய் சொல்லக் கூடாது."

குமரேசன் உள்ளே போய் நிஜத்தைச் சொன்னான்.

அப்பப்பா... ஆரம்பித்தது பாருங்கள்! "காத்து மாறுச்சுன்னு சொன்னேனா இல்லியா? மாறுனப்புறமும் அங்கியே வலய விட்டுக்கினு நின்னா? இறாலு இன்னா, உன்னத் தேடிக்கினு வூட்டுக்கா வரும்? கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ள பெத்துட்ட, தண்ணி வடியறது கூடவாடா தெரியல?" இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. முப்பது வயசு குமரேசன், தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மாமா, தப்புதான் மாமா" என்று கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கும் ஒருவனை நான் பார்த்ததில்லை.

பவுனு எங்களுக்கு டீ கொடுத்தாள். அடுத்த அறையில் தரையில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் சாஞ்சுக்கறேன் சிஸ்டரு" என்று புடவைத் தலைப்பை விரித்துப் படுத்தவள், அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, கை கால் எல்லாம் தளர்ந்து... எத்தனை நாள் தூக்கமோ!

உள்ளே திட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவம், இவள் எழுந்துவிடப் போகிறாளே என்று நான் மெல்ல எழுந்து போய், இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தினேன்.

செல்வி பின்னாலேயே வந்து திறந்துவிட்டாள்.

"சாத்தாதீங்கக்கா. அந்தச் சத்தம் நின்னாதான் அவங்க முழிச்சுக்குவாங்க."