அப்புறம் மேடம்

"கேஸ் கட்ட வெளியில வச்சிட்டு வாங்க சார். அது உள்ள வந்தா நமக்கு உட்கார இடம் இருக்காது."

குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர், காலை பத்தரைக்குள் இதை நான்கு முறையாவது சொல்லியிருப்பார். பிள்ளை யாரிடம் வளர்வது என்று மல்லுக்கட்டும் அப்பாக்களும் அம்மாக்களும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வரும் காகிதக் கட்டுகளெல்லாம் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடும். காவலுக்கு அலுவலக உதவியாளர். உள்ளே ஐந்து நாற்காலி, ஒரு மேசை, மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நம் கவுன்சிலர்.

வயது ஐம்பத்து நான்கு. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். அப்படியென்றால் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வரவில்லை. மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடிப்பார். உட்கார்ந்தால் யாராவது ஒரு வக்கீல் வந்து எதிரே உட்கார்ந்துவிடுவாராம். அந்த வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் 'அப்புறம் மேடம்'. பிரிந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் எவ்வளவு குற்றம் அடுக்கினாலும் அவர் கேட்பது அந்த ஒரு வார்த்தைதான். மூன்றாவது 'அப்புறம்?' வரை எல்லாரும் தாக்குப்பிடிப்பார்கள். ஐந்தாவதில் கையிருப்பு தீர்ந்து, பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

போன வருடம் வந்த ஒரு வழக்கில் மட்டும் அது பலிக்கவில்லை. பதினாறு வயதுப் பெண். போதை மாத்திரைப் பழக்கம். அப்பா டயர் கடைக்காரர், அம்மா பள்ளி ஆசிரியை, பிரிந்து இரண்டு வருடம். மகளின் பையில் மாத்திரை அட்டையை முதலில் பார்த்தவர் அம்மா. பார்த்த கையோடு தேதி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் வக்கீலிடம் கொடுத்துவிட்டார். அப்பாவும் சளைத்தவரல்ல. உடம்பில் சத்து இருக்கிறதா பார்க்கலாம் என்று சொல்லி மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போய், வந்த முடிவை நேரே வழக்கில் சேர்த்தார். அம்மாவால்தான் கெட்டாள் என்று அப்பா, அப்பாவால்தான் கெட்டாள் என்று அம்மா. பெற்ற பெண்ணிடம் மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்விப்படும் நமக்கே வயிறெரிகிறது.

பெண்ணோ மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. நான்காம் வாரம், கவுன்சிலர் ஒன்றுமே கேட்காமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள்.

"நான் எதச் சொன்னாலும் ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிச்சிடுவாங்க மேடம். அதான் சொல்லல."

அன்று அவர் 'அப்புறம்' கேட்கவில்லை. இப்படி மறைத்து மறைத்துப் போட்டால் ஒரு நாள் அளவு மீறி உயிருக்கே வினையாகும் என்று பெண்ணைப் பார்த்துவந்த டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். கவுன்சிலர் உடனே உட்கார்ந்து நீதிபதிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினார். பெண்ணின் பரிசோதனை முடிவுகள் இனி டாக்டரோடு நிற்க வேண்டும். மாத்திரை பற்றி அவள் சொல்லும் எதையும் ஆறு மாதத்துக்கு எந்தத் தரப்பும் வழக்கில் பயன்படுத்தக் கூடாது. இரண்டு வக்கீல்களும், அந்த வழக்கில் முதல்முறையாக, ஒரே குரலில் எதிர்த்தார்கள். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

டயர் கடைக்காரர் அறைக்குள் வந்து குமுறினார். "அப்ப இவ அம்மா வளர்ப்பு சரியில்லன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?"

"நிரூபிச்சிட்டீங்கன்னே வச்சுக்குங்க. பொண்ணு நிறுத்திடுவாளா சார்?"

அவர் விருட்டென்று எழுந்து போனார். ஆனால் அடுத்த வாரமும் வந்தார்.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் மகள். யாரும் எதுவும் கேட்கும் முன்பே சொன்னாள். "செவ்வாக்கிழமை ஒண்ணு போட்டேன்."

அப்பாவின் கை, தேதியைக் குறித்துக்கொள்ளும் பழக்கதோஷத்தில், சட்டைப்பையிலிருந்த போனை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். இரண்டு வருடமாக வக்கீல் மூலமே பேசிவந்த அம்மா, அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். "வண்டி கொண்டாந்திருக்கீங்களா? டாக்டர இப்பவே பாத்துடலாம்." மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூவரும் ஒன்றாக எழுந்து போனார்கள். அவள் போட்ட கடைசி மாத்திரை அதுதான் என்பது அன்று யாருக்கும் தெரியாது. மகள் எந்த நாளில் யாரிடம் இருப்பது என்று பெற்றவர்களே பேசி எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பிறகு நடந்ததுதான்.

கவுன்சிலர் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார். டயர் கடைக்காரரின் காரில், பின் இருக்கையில் அம்மாவும் மகளும் ஏறிக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் கதவருகே வந்து நின்றார்.

"என்ன மேடம், பொண்ணு மாத்திரைய விட்டுடுச்சா?"

"இல்லண்ணே. முந்தாநாள் போட்டிருக்கா. அவளே சொன்னா, ரெண்டு பேர் முன்னாடியும்."

சொல்லிவிட்டு, பந்தயத்தில் ஜெயித்தவர் போல இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார்.