பூசணிக்காய்களுக்கு நடுவே ஒரு மனு

எங்கள் சபையில் ஆளுகிறவர்களுக்காக வாராவாரம் ஜெபிப்போம். அவர்களிடம் எதையும் கேட்டதில்லை. கேட்பதையெல்லாம் கடவுளிடமே கேட்டுப் பழகிவிட்டோம்.

அதை மாற்றியவர் பெரும்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் அம்மா. கிறிஸ்மஸுக்கு அரிசிப் பையும் கம்பளியும் கொடுக்க நாங்கள் அங்கே போவது வழக்கம். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதும் வழக்கம். போன முறை அவர் பையை வாங்கிக்கொண்டு, "இது பொங்கலுக்குள்ள தீந்துரும் சார். ரேஷன் கடைய இங்கிட்டு ஒண்ணு போடச் சொன்னா புண்ணியமாப் போகும்," என்றார்.

கடை மலைக்குக் கீழே இருந்தது. பஸ் கிடையாது. போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும். அன்றைக்குக் கூலியும் போய்விடும். அரிசியைத் தலையில் வைத்து ஏறிவர அவருடைய முழங்கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் மாதம் ஒருநாள் திறக்கும் பகுதிநேரக் கடை வந்தால் போதும்.

சபைச் செயலாளர் என்ற முறையில் மனுவை நான்தான் எழுதினேன். இதுவரை படித்த புத்தகங்கள் எல்லாம் அதில் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தேன். பாஸ்டர் உவமைகளை வெட்டிவிட்டு அரிசியைச் சேர்த்தார். வில்பட்டிக் கோயில் கமிட்டிக்காரர்கள் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி கையெழுத்துப் போட்டார்கள். "சாமி விஷயத்துல ஒத்துவராட்டியும் சோத்து விஷயத்துல ஒத்துவருவோம்," என்றார் அவர்களில் ஒருவர். மனுவிலேயே நல்ல வரி அதுதான். எழுதத்தான் இல்லை.

எப்போது கொடுப்பது என்று யோசித்தோம்.

"சும்மா கூப்பிட்டா எம்.எல்.ஏ. வருவாரா? கூட்டம் இருந்தாத்தான் வருவாரு. அறுப்பின் பண்டிகைக்குக் கூப்பிடுவோம்," என்றார் பொருளாளர். எல்லோரும் தலையாட்டினோம். விருந்தாளியை நல்ல நாளில்தானே அழைப்போம்?

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்தைச் சுற்றிக் குவிப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம், பிறகு அசனம் என்று நாங்கள் சொல்லும் பொதுப்பந்தி. அந்த வருஷம் விளைச்சல் அமோகம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், வாழைத்தார், குழந்தை போலத் தூக்கிவந்த பூசணிக்காய்கள். அவற்றுக்குப் பின்னால் பாஸ்டரின் தலை மட்டும் தெரிந்தது.

அந்த அம்மாவை ஜீப்பில் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தோம். வெள்ளனே கிளம்பியவர். எம்.எல்.ஏ. வர மத்தியானம் தாண்டிவிட்டது. விசேஷ விருந்தாளி கை நனைக்காமல் எங்கள் ஊரில் பந்தி தொடங்காது. அண்டாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வந்தவருக்குச் சால்வை போர்த்தினோம், ஜெபித்தோம். மனுவைக் கொடுத்து அந்த அம்மாவைக் காட்டினேன். எம்.எல்.ஏ. கெட்டவர் அல்ல. குனிந்து, நிஜமான கரிசனத்தோடுதான் கேட்டார்: "சாப்ட்டீங்களாம்மா?"

"சாப்ட்டாச்சுங்கய்யா. வயிறு நெறஞ்சு கெடக்கு."

வேறென்ன சொல்வார்? அழைத்த வீட்டில் நின்றுகொண்டு பசிக்கிறது என்று நம்மில் யார் சொல்லியிருக்கிறோம்? பந்தியே போடவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், எம்.எல்.ஏ.வைத் தவிர.

அவர் நிமிர்ந்து பீடத்தைப் பார்த்தார். மைக்கை வாங்கினார். "பட்டினின்னு மனு குடுக்குறீங்க. இங்க பாத்தா, நானே ரெண்டு பூசணிக்காய் கடன் கேக்கணும்போல இருக்கே!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல இடத்தில் விழுந்த நகைச்சுவையை மதிக்கத் தெரிந்தவன் அல்லவா. போகும்போது அவர் காரில் பூசணியும் பூண்டும் ஏற்றினோம். உதவியாளர் மனுவைப் பூண்டுப் பையில் செருகிக்கொண்டார்.

திரும்பும்போது ஜீப்பில், புருஷனுக்குக் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம் அந்த அம்மாவின் மடியில் இருந்தது.

"நான் எதும் தப்பாச் சொல்லிட்டனா சார்?"

"இல்லம்மா. நாங்கதான் தப்பான நாள்ல கூப்ட்டோம்."

"கட வெரசா வந்துருமா?"

"வந்துரும்மா," என்றேன். பாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சால்வை இல்லாமல், சாதாரண நாட்களில், கோயில் கமிட்டிக்காரர்களோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தோம். இன்னமும் போகிறோம். "பரிசீலனையில இருக்கு," என்கிறார்கள். டீ மட்டும் தவறாமல் வருகிறது.

மழைக்குப் பின் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அரிசியோடு ஏறிவரும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். சேற்றில் கொட்டியதில் பாதியை அள்ளிக் கழுவி எடுத்தாராம். அடுப்பின்மேல் சின்னப் பானை ஒன்று. அதிலிருந்த சோறு இரண்டு பேருக்கே காணாது. உள்ளே புருஷன் இருமினார்.

கடையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"சாப்ட்டீங்களா சார்?" என்றார்.

"சாப்ட்டாச்சும்மா." காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கையை எட்டி, சற்றே விலகியிருந்த பானை மூடியைச் சரியாக அழுத்தி மூடினார்.